மருந்துவாழ்மலையில் எல்லாமே மருந்து இல்லை

போன ஞாயிறு காலையில் கன்னியாகுமரி பக்கத்து மருந்துவாழ்மலையில் நடை, மாலை மணக்குடி காயலில் அலையாத்தி மரங்களைக் காட்டிவிட்டு, கூட்டத்தை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரின் துணிப்பை அடியில் ஈரமண் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, பையில என்ன?"

"கிழங்கு தம்பி. காலையில மலையில தோண்டினேன். மூட்டுவலிக்கு நல்லதாம், வீடியோவுல சொன்னாங்க. அவிச்சுத் தின்னணும்."

எடுத்துப் பார்த்தேன். கலப்பைபோல் வளைந்த கிழங்கு, ஒடிந்த தண்டில் நுனி கம்பியாய்ச் சுருண்ட இலை. கண்வலிக்கிழங்கு. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்குதான். நடைக்கு வந்தவர் கையிலிருந்து நான் இப்படி வாங்கி வைப்பது இந்த வருடம் இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுதான் மருந்துவாழ்மலை என்ற கதையை ஏறும்போது நானும்தான் சொல்கிறேன். ஆனால் மலையின் பெயரில் மருந்து இருப்பதால் கைக்கு எட்டும் இலையெல்லாம் மருந்தாகிவிடாது. அதே மலைப் புதரில் விஷக் குன்றிமணி படர்ந்திருக்கும், வழியோரம் விஷ ஊமத்தை நிற்கும். "ஆடு தின்னுதே, நமக்கு என்ன?" என்று ஒவ்வொரு நடையிலும் யாராவது கேட்கிறார்கள். ஆடு தொடாத ஆடாதோடையை நாம் இருமலுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறோம். ஆடு மேயும் எருக்கை நாம் தின்ன முடியுமா? ஆட்டின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

வீடியோக்காரர் சொன்னதில் துளி உண்மை இருப்பதுதான் ஆபத்து. இந்தக் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் என்ற விஷப்பொருளை கவுட் என்னும் மூட்டுவாதத்துக்கு மருத்துவர்கள் தருகிறார்கள், அரை மில்லிகிராம் மாத்திரையாக. சித்த மருத்துவரும் சுத்தி, அதாவது நஞ்சைக் குறைக்கும் பக்குவம், செய்யாமல் கிழங்கைத் தொடமாட்டார். வீட்டு அடுப்பில் அவித்தால் அந்த விஷம் போகாது. தின்றதும் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உயிரே போகலாம்.

தேரூர் குளத்தில் பறவை பார்த்துவிட்டு வயலுக்குள் இறங்கும்போதும் கையைக் கட்டுப்படுத்துங்கள். வெண்டைக்காயைப் பறித்துக் கழுவாமல் கடிக்காதீர்கள். காலையில் மருந்து அடித்திருப்பார்கள். பூச்சிக்கொல்லிக்கும் நம் விவசாயிகள் சொல்லும் பெயர் மருந்துதான். வரப்பில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம், விரியன் கிடக்கும். குன்றிமணி பொறுக்கும் குழந்தைகளின் வாயைக் கவனியுங்கள். மென்றுவிட்டால் பெரிய ஆபத்து.

யாராவது தெரியாமல் எதையாவது தின்றுவிட்டால், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "இப்போ நல்லாத்தானே இருக்கார்" என்று காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள், இல்லை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தின்ற செடியில் மிச்சம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

செடியின் பெயர் வேண்டுமா, கேளுங்கள், நின்று சொல்கிறேன். எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கை மட்டும் தயவுசெய்து மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.