மைதாவை விட்டாச்சு, மாவுச்சத்தை விட்டோமா?

சர்க்கரை நோய்க்காகவோ எடைக்காகவோ உணவை மாற்றிக்கொண்டவர்கள் என்னிடம் வரும்போது சோற்றைப் பற்றித் தெளிவாகப் பேசுவார்கள். காலையில் எத்தனை இட்லி, மதியம் எத்தனை கரண்டி சோறு என்று கணக்கு வைத்திருப்பார்கள். சாயங்காலம் டீயோடு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "மைதாவையே தொடுறதில்ல மேடம், ராகி பிஸ்கட்தான்" என்பார்கள். இல்லையென்றால் சுகர் ஃப்ரீ ரஸ்க், நாட்டுச் சர்க்கரை போட்ட கேக். இவை மாவுச்சத்து குறைந்த பண்டங்கள் என்று உண்மையிலேயே நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் மூன்றிலும் மாவுச்சத்து நிறையவே இருக்கிறது.

மாவுச்சத்து என்று நான் இங்கே சொல்வது மொத்த கார்போஹைட்ரேட்டை. மாவும் சர்க்கரையும் சேர்ந்த கணக்கு அது.

முதலில் ராகியை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து சுமார் 74 கிராம், ராகியில் சுமார் 67 கிராம், கோதுமை மாவில் சுமார் 64 கிராம். ராகியில் கால்சியமும் நார்ச்சத்தும் அதிகம், அதனால் அது நல்ல தானியம்தான். ஆனால் நல்ல தானியம் வேறு, மாவுச்சத்து குறைந்த மாவு வேறு. இன்னொன்றும் உண்டு. மாவை ஒட்டிப் பிடித்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் ராகியில் கிடையாது என்பதால் ராகியை மட்டும் வைத்துச் செய்த பிஸ்கட் எளிதில் உதிர்ந்துவிடும். அதனால் பல பேக்கரிகளில் ராகியோடு மைதாவையும் சேர்த்துத்தான் பிசைகிறார்கள். பாக்கெட்டில் வரும் பிஸ்கட் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். அதிக அளவில் சேர்ந்த பொருள்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. ராகி பிஸ்கட்டின் பட்டியலில் முதலில் கோதுமை மாவும் இரண்டாவதாகச் சர்க்கரையும் இருந்தால், நீங்கள் வாங்கியது ராகி நிறம் ஏறிய கோதுமை பிஸ்கட்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பேரீச்சம்பழ விழுது எதுவானாலும் இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கேக்கில் போடும் அளவுக்கு அவற்றில் இருக்கும் இரும்புச்சத்து உங்களைக் காப்பாற்றாது.

சுகர் ஃப்ரீ விஷயம் இன்னும் சிக்கலானது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லையென்றால் அந்தப் பண்டத்தைச் சர்க்கரையற்றது என்று சொல்லிக்கொள்ளலாம். விதி பார்ப்பது சர்க்கரையை மட்டும்தான். மீதியுள்ள மாவு குடலில் குளுக்கோஸாக மாறுவதைப் பற்றி அந்த வாசகம் எதுவும் சொல்வதில்லை. சர்க்கரை போடாத ரஸ்க் இரண்டு சாப்பிட்டாலும் 15 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகும். கிட்டத்தட்ட ஒன்றரை இட்லி. அதைக் கணக்கில் சேர்க்காமல் சாப்பிடுவதுதான் பிரச்சினை.

சர்க்கரைக்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். லேபிளில் 965 என்ற எண் இருந்தால் அது மால்டிடால். சுகர் ஃப்ரீ பிஸ்கட், சாக்லேட், கேக் எல்லாவற்றிலும் பரவலாகச் சேர்க்கப்படுகிறது. சர்க்கரையில் பாதி அளவு கலோரி அதிலும் உண்டு, இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். சில தயாரிப்பாளர்கள் மால்டிடாலை முழுவதுமாகக் கழித்துவிட்டு, நிகர மாவுச்சத்து இவ்வளவுதான் என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடுகிறார்கள். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். மால்டிடாலை நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கும் வரும். 968 என்றால் எரித்ரிடால், 960 என்றால் ஸ்டீவியா, 955 என்றால் சுக்ரலோஸ். எரித்ரிடால் இரத்தச் சர்க்கரையை ஏற்றாது, அடுப்புச் சூட்டையும் தாங்கும். ஆனால் இரத்தத்தில் அதன் அளவு அதிகமாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. எரித்ரிடால்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. உடலே சிறிதளவு எரித்ரிடாலைத் தயாரிக்கவும் செய்கிறது. இருந்தாலும் இதய நோய் உள்ளவர்களிடம் அதைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். கரண்டியால் அளந்து போடும் சுக்ரலோஸ், ஸ்டீவியா பொடிகளில் பல, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப் பொருளோடு கலந்து வருகின்றன. டீக்கு ஒரு சிட்டிகை என்றால் பரவாயில்லை. கேக்குக்கு ஒரு கப் போட்டால் அது சேர்ந்துவிடும்.

சரி, உண்மையிலேயே மாவுச்சத்து குறைந்த பேக்கிங் வேண்டும் என்றால் மாவையே மாற்ற வேண்டும். பாதாம் மாவு அதற்கு முதல் தேர்வு. 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 20 கிராம், அதிலும் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. நான் பலருக்குச் சொல்லிக்கொடுக்கும் கேக் மிக எளிது. 200 கிராம் பாதாம் மாவு, 4 முட்டை, 80 கிராம் வெண்ணெய், 80 கிராம் எரித்ரிடால், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய். 160 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள், சூட்டோடு வெட்டினால் உதிரும். 12 துண்டு போட்டால், ஒரு துண்டில் எரித்ரிடாலையும் நார்ச்சத்தையும் கழித்து 2 கிராம் அளவே மாவுச்சத்து இருக்கும். அதே அளவு மைதா டீ கேக்கில் இருபது கிராமைத் தாண்டும்.

ஆனால் கலோரியைப் பாருங்கள். இந்தப் பாதாம் கேக் துண்டில் சுமார் 170. மைதா கேக் துண்டிலும் ஏறக்குறைய அதே 170. சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்க விரும்புகிறவருக்கு இது பெரிய லாபம். மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவுமுறையைக் கீட்டோ என்பார்கள். எடை குறைய வேண்டும் என்பவர் "கீட்டோ கேக்தானே" என்று நான்கு துண்டு சாப்பிட்டால் எடை ஏறவே செய்யும். இதைச் சொல்லும்போதுதான் எதிரே இருப்பவர்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள்.

பாதாம் மாவு விலையும் அதிகம், கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். விலை ஏறும் இடத்தில் கலப்படமும் வரும். உதிரியாக வாங்குகிறவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு சிட்டிகை மாவை வெந்நீரில் கலந்து ஆறவிடுங்கள். காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு அதில் விடுங்கள். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் மைதாவை வைத்தும் இப்படிச் செய்து பாருங்கள். மைதா கருநீலமாக மாறும். பாதாமில் ஸ்டார்ச் மிகக் குறைவு என்பதால் பழுப்பு நிறமே நிற்கும். பாதாம் கிண்ணமும் கருநீலமானால் கோதுமையோ அரிசியோ சோள மாவோ கலந்திருக்கிறது. சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது.

பாதாமுக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு நம் ஊர் வேர்க்கடலை இருக்கிறது. 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 17 கிராம், புரதம் சுமார் 24 கிராம். வறுத்துத் தோல் நீக்கி, நன்றாக ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் விட்டு வெண்ணெயாகிவிடும். பூஞ்சை பிடித்ததை, சுருங்கிக் கறுத்ததை முதலிலேயே பொறுக்கி எறியுங்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. கடலை வாசம் பிடிக்காதவர்கள் கோகோ சேர்த்தால் அடங்கிவிடும். பிஸ்கட்டுக்கு இந்த மாவு பாதாமைவிட நன்றாக வருகிறது என்பது என் கருத்து.

தேங்காய் மாவு தண்ணீரை அப்படியே குடித்துவிடும். பாதாம் மாவுக்குப் பதில் அதே அளவு தேங்காய் மாவைப் போடாதீர்கள். கால்வாசி போதும், முட்டையையும் கூட்ட வேண்டும். ரொட்டி போல இழுவை வேண்டுமானால் இசப்கோல் உமி உதவும். மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. அந்த ரொட்டி சாப்பிடும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடியுங்கள், இல்லையென்றால் மலம் இறுகும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரைக்கும் இதற்கும் சில மணி நேர இடைவெளி விடுங்கள். கடையில் விற்கும் கீட்டோ பிரட் சிலவற்றில் இழுவைக்காகக் கோதுமைக் குளூட்டனையே தனியாகச் சேர்க்கிறார்கள். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளுக்கு அது ஆபத்து.

முட்டை பப்ஸ் மட்டும் இந்த வழியில் வராது. அதன் அடுக்குகள் மைதாவின் குளூட்டன் மெல்லிய ஏடாக விரிவதாலும், நடுவில் உள்ள கொழுப்பு ஏடுகளைப் பிரித்து வைப்பதாலும், சூட்டில் ஆவி அவற்றைத் தூக்குவதாலும் உண்டாகின்றன. பாதாம் மாவால் அந்த ஏடு ஆகாது. கீட்டோ பப்ஸ் என்று யாராவது விற்றால் என்ன மாவு என்று கேளுங்கள். ஆசை தீரவில்லையென்றால் எப்போதாவது ஒரு நாள் உண்மையான பப்ஸ் பாதியைச் சாப்பிட்டுவிட்டு அன்றைய சோற்றைக் குறைத்துக்கொள்வதே மேல். மாவே இல்லாத பண்டத்திலும் கவனம் வேண்டும். தூத்துக்குடி மக்ரூனில் மைதா கிடையாது, முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும்தான். அதில் பெரும்பங்கு சர்க்கரை.

இனி மாத்திரை. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் மருந்துகள்தான். ஆனால் இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் இரத்தத்தில் ஏறி அமிலத்தன்மை கூடும் ஆபத்து இருக்கிறது. குளுக்கோமீட்டரில் அளவு ஏறக்குறைய இயல்பாகவே காட்டும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த உணவுமுறையில் இருக்கிறீர்கள் என்பதை அங்கே நீங்களே சொல்லுங்கள்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பாதாம், வேர்க்கடலையின் புரதமும் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகமாகிப் போகலாம். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் மருத்துவர் சொல்லாமல் இந்த உணவுமுறைக்குள் போகவே கூடாது. வீட்டில் நாய் இருந்தால், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிடால் என்ற இனிப்பூட்டி போட்ட கேக்கை எட்டாத இடத்தில் வையுங்கள், ஒரு துண்டு அதன் உயிரையே எடுத்துவிடக்கூடும்.

கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மாவுச்சத்தைக் குறைக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவைக் கேளுங்கள். பழைய அளவு மருந்து, புதிய குறைந்த உணவு என்றால் சர்க்கரை தாழ்ந்து போகும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு வரும்போது கையில் கிடைத்த சுகர் ஃப்ரீ பிஸ்கட்டையோ பாதாம் கேக்கையோ சாப்பிட்டுக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றால் அந்த நேரத்தில் சர்க்கரை வேகமாக ஏறாது, கொழுப்பு அதிகம் என்பதால் இன்னும் தாமதமாகும். மூன்று டீஸ்பூன் சாதாரண வெள்ளைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். சர்க்கரையே வாங்காத வீடாக இருந்தாலும் இதற்காக ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.