‘ஜோன் மாறிட்டு’ என்று சொல்லி மனை விற்கிறார்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜோன் என்றால், ஒரு நிலத்தை வீட்டுக்கா, கடைக்கா, விவசாயத்துக்கா பயன்படுத்தலாம் என்று அரசு குறித்திருக்கும் வகை. திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த வயலில் கல் நட்டு, கொடி கட்டி, வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். பீடி சுற்றிச் சேர்த்த பணத்தோடு போன ஓர் அக்காவிடம் புரோக்கர் நீட்டியது ஒரு நாளிதழ் விளம்பரத்தின் ஜெராக்ஸ். புல எண்ணுக்கு (சர்வே நம்பர்) மேல் மஞ்சள் மார்க்கர் போட்டிருந்தது. “எக்கா, பேப்பர்லயே வந்துட்டு, இன்னும் என்ன யோசனை?” என்றாராம். அந்த விளம்பரத்தின் கடைசி வரியில் ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று இருந்தது. அதாவது, நிலம் அப்போது மாறவே இல்லை. மாற்றச் சொல்லி ஒருவர் மனு கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த அக்காவின் பணம் இன்னும் திரும்பவில்லை.

இதற்கான சட்டம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். திருநெல்வேலியையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்த முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எந்தப் புல எண் குடியிருப்பு, எது வணிகம், எது வேளாண்மை என்று குறித்திருப்பார்கள். அதை மாற்றும் அதிகாரம் அந்தச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் இருக்கிறது. மாற்றம் அரசிதழில் வந்தால்தான் செல்லும்.

ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று விஷயங்களை ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். நஞ்சை, புஞ்சை என்பது வருவாய்த் துறைக் கணக்கு. குடியிருப்பு, வேளாண்மை என்பது நகர் ஊரமைப்புத் துறையின் கணக்கு. மனைப்பிரிவு (லேஅவுட்) அனுமதி இரண்டிலும் சேராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். பட்டாவில் புஞ்சை என்று இருப்பதால் வீடு கட்டலாம் என்று அர்த்தமில்லை. நிலப் பயன்பாடு குடியிருப்பாக மாறிவிட்டாலும், லேஅவுட் அனுமதி இல்லாத மனை மனையே இல்லை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. வீட்டு வரி ரசீது, கரண்ட் இணைப்பு, ஏறிப்போன வழிகாட்டி மதிப்பு, எதுவும் ஜோன் மாறியதற்குச் சான்று இல்லை.

அடுத்த கண்ணி உட்பிரிவு எண். 214/2 மாறியிருக்கும், உங்களுக்கு எழுதித் தருவது 214/3பி ஆக இருக்கும். வரப்பு ஒன்றுதானே என்பார்கள். ஆணை அந்தந்தப் புல எண்ணுக்கு மட்டும்தான், பக்கத்து வயலுக்கு ஒட்டாது. பாளையங்கோட்டை, மேலப்பாளையம் மாதிரி நகரப் பகுதிகளில் இன்னும் சிக்கல். பத்திரத்தில் பழைய புல எண் இருக்கும், பட்டாவில் டவுன் சர்வே வார்டு, பிளாக் எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தானா என்று நில அளவைப் பிரிவில் எழுத்தில் வாங்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

“இப்ப செண்டு கணக்குல விவசாய நிலமா எழுதிக்கிடுங்க, அப்புறம் வரன்முறை பண்ணிக்கிடலாம்” என்பதும் இங்கே வாடிக்கையாகக் கேட்கிற பேச்சு. அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017 விதிகள், 20.10.2016-க்கு முன்பு உருவாகி விற்பனையான மனைப்பிரிவுகளுக்குத்தான். இன்று வெட்டிப் போட்ட மனைக்கு அந்த வாசல் கிடையாது.

நகர் ஊரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமம் என்றால் விவசாய நிலத்தை மாற்ற 2017-இல் வந்த வேறு விதிகள் உண்டு. நஞ்சை என்றால் ஆட்சியரின் இசைவும் வேண்டும்.

சரி, நாமே எப்படித் தெரிந்துகொள்வது? ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் பட்டா, ‘அ’ பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் எடுங்கள். ஓடை, குளம், வாய்க்கால் புறம்போக்கு எதுவும் உரசுகிறதா என்று புலப்படத்தில் பாருங்கள். அரசிதழ் புதன்தோறும் வருகிறது. நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிப்புகள் பெரும்பாலும் 6-ஆம் பகுதி, 1-ஆம் பிரிவில் இருக்கும். புரோக்கரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: அரசிதழ் தேதி என்ன? பதில் வராவிட்டால் மாற்றம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசுக்குப் போனால் அலைச்சல்தான். கிராம நிர்வாக அலுவலர் நகர் ஊரமைப்பில் கேட்கச் சொல்வார். அங்கே தாலுகா ஆபீசுக்கு அனுப்புவார்கள். தாலுகாவில், “இது எங்க வேலை இல்ல” என்பார்கள். இந்த முறை அவர்கள் சொல்வது உண்மை. ஜோன் விவரம் தர வேண்டியது திட்டக் குழுமமும் நகர் ஊரமைப்பு அலுவலகமும்தான். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், நாளைக்கு அந்த ஆளே மாறியிருப்பார். கிராமம், புல எண், உட்பிரிவு போட்டு நிலப் பயன்பாட்டுச் சான்று கேட்டு மனு கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “இந்தப் புல எண்ணின் நிலப் பயன்பாடு மாற்றப்பட்டதா, அரசிதழ் அறிவிப்பின் நகல் தருக” என்று மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

இதற்குள் “வேற பார்ட்டி ரெடியா இருக்கு” என்று அவசரப்படுத்துவார்கள். போனால் போகட்டும். கட்டாயம் அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணையும் லேஅவுட் அனுமதியும் இத்தனை மாதத்தில் கைக்கு வராவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் புல எண்ணோடு எழுதி வாங்குங்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியாக மட்டும் கொடுங்கள்.