விற்பவர் பார்க்காத பக்கம்: இணையத்தில் முத்திரைத் தொகுப்பு வாங்குவோருக்குச் சில வார்த்தைகள்

"பழைய முத்திரை அல்பம், அவசர விற்பனை, மலிவு விலை" என்று இணையத்தில் வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை கேட்கும் விலைக்குத் தகுதி இல்லாதவை. 10,000 ரூபாய் கேட்கும் அல்பத்தில் 1,000 ரூபாய்ப் பெறுமதி கூடத் தேறாமல் போவது என் தொழிலில் அன்றாடக் காட்சி. அதே சந்தையில், யாரும் சீந்தாமல் கிடக்கும் சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் பெறுமதியான கடித உறைகள் இருப்பதும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் பணத்தை இழப்பவர்களில் பலர் இளைஞர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முத்திரைகளை வாங்கி விற்பதும், குடும்பங்கள் கொண்டுவரும் தொகுப்புகளுக்கு விலை மதிப்பிட்டுச் சொல்வதும் என் வேலை. திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் செய்பவனுக்கு இணையமே பெரிய சந்தை. உள்ளூரில் இக்மன், பேஸ்புக் சந்தை; வெளிநாட்டில் ஈபே, டெல்காம்ப். குறைந்த விலைக்கு நல்ல தொகுப்பு அகப்பட வேண்டுமானால் விற்பவர் கண்ணில் படாத ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும். அது உங்கள் கண்ணில் பட வேண்டும். இவ்வளவுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். விற்பவருக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியாது என்றால், நீங்கள் வாங்குவது வெறும் நம்பிக்கையைத்தான்.

முதலில் எதை விட்டு விலக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தின் முதற்படத்தில் பெரிய பெரிய வண்ண முத்திரைகள், விண்வெளிக் கலங்கள், கார்கள், ஓவியங்கள் தெரிந்தால் நாட்டின் பெயரைப் பாருங்கள். இன்று ஐக்கிய அரபு இராச்சியத்தில் இருக்கும் அஜ்மான், புஜைரா, உம் அல் குவைன் என்ற சிறு அரசுகளின் பெயர் இருந்தால் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் சேகரிப்பாளர்களின் பணத்தைக் குறிவைத்தே இவை ஏராளமாக அச்சிடப்பட்டன. மூலையில் அளந்து வைத்ததுபோலக் கால்வட்டச் சீல் விழுந்து, பின்னால் பசை அப்படியே இருக்கும் முத்திரைகளும் அதே ரகம். அச்சகத்திலேயே சீல் குத்தி மொத்தமாக விற்றவை அவை. எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யாதவை. அடுத்தது பிரித்தானியாவின் சிவப்பு ஒரு பென்னி. 1841 முதல் கோடிக்கணக்கில் அச்சானது. அதில் 77ஆம் இலக்க அச்சுத் தகட்டில் அச்சான முத்திரை உலகப் புகழ்பெற்ற அரிய பொருள் என்பது உண்மை. அந்தக் கதையைச் சொல்லி ஏனைய தகட்டு முத்திரைகளுக்கும் விலை ஏற்றுவார்கள்.

விலைப்பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முத்திரை விலைகளைத் தொகுத்து வெளியிடும் ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு முத்திரைக்கும் போட்டிருக்கும் விலையைக் கூட்டி, "பட்டியல் விலையில் பத்தில் ஒரு பங்குக்குத் தருகிறேன்" என்பது விற்பவர்களின் வழமையான பேச்சு. பட்டியலில் இருப்பது நல்ல நிலையில் உள்ள முத்திரைக்குக் கடைக்காரர் கேட்கும் விலை. மிக மலிவான முத்திரைகளுக்கு அங்கே போட்டிருக்கும் குறைந்தபட்ச விலை, அதைத் தேடி எடுத்து, உறையிலிட்டுத் தரும் வேலைக்கான கூலி. எங்கும் கிடைக்கும் 2,000 முத்திரைகளை அந்தக் குறைந்தபட்ச விலையால் பெருக்கினால் வருவது கற்பனைத் தொகை. உண்மை விலை வேண்டுமானால் ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடுங்கள். ஒருவர் கேட்ட விலையைவிட இன்னொருவர் கொடுத்த விலைக்கே மதிப்பு.

இனிப் படத்தைப் படிக்கும் வேலைக்கு வருவோம். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்; நீங்களும் செலவிட வேண்டும்.

நம்மவர் அல்பங்களில் தவறாமல் இருப்பவை 1935இல் ஐந்தாம் ஜோர்ஜ் காலத்தில் தொடங்கிய படத் தொடரும், 1938 முதல் ஆறாம் ஜோர்ஜ் தலையோடு வந்த தொடரும். இறப்பர் பால் வெட்டுதல், தேயிலைக் கொழுந்து பறித்தல், தலதா மாளிகை, காட்டு யானைகள் என்று நாட்டின் காட்சிகள். இரண்டு தொடரிலும் ஒரு ரூபாய் முத்திரையில் இருப்பது நம் திருகோணமலை. இந்த ஊரில் யார் அல்பம் விற்றாலும் அந்த ஒரு ரூபாய் முத்திரையைத் தனியாகப் படம் எடுத்துப் போடுவார்கள். ஊர்ப் பாசம் புரிகிறது. எனக்கும் அது பிடித்த முத்திரைதான். ஆனால் ஆறாம் ஜோர்ஜ் தொடரில் வந்தது, சீல் விழுந்த நிலையில், தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

நான் பார்ப்பது அதே பக்கத்தில் மேலே இருக்கும் 2 சத, 3 சத முத்திரைகளை. 1938 தொடரின் சிறு பெறுமதி முத்திரைகள் ஒரே படம், ஒரே நிறத்தில், வெவ்வேறு துளை அளவுகளில் வந்திருக்கின்றன. 2 சென்ரிமீற்றர் நீளத்தில் எத்தனை துளை என்பதே அந்த அளவு. ஒரு அளவுக்குச் சில்லறை விலை. இன்னொரு அளவுக்கு அதைப்போல் பல மடங்கு. விற்பவருக்கு எல்லாம் ஒன்றுதான், "இரட்டிப்பு" என்று அடுக்கி வைத்திருப்பார். படத்தைப் பெரிதாக்கி, அருகருகே இருக்கும் இரண்டு 2 சத முத்திரைகளின் மேல்விளிம்புப் பற்களை எண்ணுங்கள். எண்ணிக்கை மாறினால் அந்த அல்பத்தை யாரும் துளை பார்த்துப் பிரிக்கவில்லை என்று அர்த்தம். எந்த முத்திரை அரியது என்று அப்போதே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேறொரு வியாபாரியின் கை அதில் படவில்லை என்ற செய்தியே போதும். விலை பேசத் தொடங்கலாம்.

இதேபோல மேலச்சுகளைத் தேடுங்கள். 1906இல் இலங்கை முத்திரைகளின் மேல் மாலைதீவின் பெயரை அச்சிட்டு அந்த நாட்டுக்கு அனுப்பினார்கள். அதுதான் மாலைதீவின் முதல் முத்திரைத் தொடர். ஏழாம் எட்வேர்ட் தலையோடு கறுப்பு எழுத்து விழுந்த முத்திரையை இலங்கைப் பக்கத்திலேயே ஒட்டிவைத்த சேகரிப்பாளர்கள் இருந்திருக்கிறார்கள். மேலச்சுக்குப் போலிகளும் உண்டு. எழுத்தின் வடிவம் தெளிவாகத் தெரியாத படத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியான 6 பென்னி முத்திரை. அடுத்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் 1859இன் 4 பென்னி, மங்கிய ரோஜா நிறத்தில், துளையே இல்லாதது. இந்நாட்டின் மிக அரிய முத்திரைகளில் ஒன்று. அதன் சட்டம் எண்கோணம். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் எட்டு மூலையையும் சுற்றி அழகாக வெட்டி அல்பத்தில் ஒட்டினார்கள். அப்படி வெட்டுப்பட்டவற்றுக்கு முழு முத்திரையின் விலையில் சிறு பங்குதான். 1861 முதல் அதே படம் துளையோடு வந்தது. துளையை வெட்டியெறிந்துவிட்டு "துளையில்லாதது" என்று விற்கும் ஏமாற்று அன்றிலிருந்தே நடக்கிறது. நான்கு பக்கமும் தாராளமான வெள்ளை ஓரம் இல்லாவிட்டால் அதைத் துளையில்லாதது என்று ஏற்கவே வேண்டாம். இந்த அளவு விலையுள்ள முத்திரையை லண்டன் ரோயல் முத்திரையியல் சங்கம் போன்ற நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் வாங்குவது பொறுப்பற்ற செயல்.

கழுவிய முத்திரைகளும் அப்படித்தான். 1912 தொடக்கம் வந்த ஐந்தாம் ஜோர்ஜ் தொடரில் 50 ரூபாய், 100 ரூபாய், 500 ரூபாய், 1,000 ரூபாய் வரை முத்திரைகள் உண்டு. தபாலுக்கும் வரிக்கும் பொதுவானவை. அவற்றில் பெரும்பகுதி உறுதிகளிலும் பத்திரங்களிலும் ஒட்டப்பட்டு, பேனாக் கீறலோ அலுவலகச் சீலோ வாங்கியவை. அந்த மையைக் கழுவிப் புதியதாகக் காட்டுவார்கள், அல்லது மேலே பொய்த் தபால் சீல் குத்துவார்கள். நிறம் வெளிறியிருந்தால், தாள் நார்நாராகத் தெரிந்தால், பின்பக்கப் படம் கேளுங்கள். பின்பக்கத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டிய அவசியம் உலகத்தில் யாருக்கும் இல்லை.

என்னைக் கேட்டால், இன்று உண்மையாகவே குறைந்த விலைக்குக் கிடைப்பவை கடித உறைகள். அல்பத்துக்கு மதிப்பு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். உறை குப்பை என்றுதான் நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் நம் துறைமுகம் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. கடற்படையினர் எழுதிய கடிதங்களில் ஊர்ப்பெயர் இருக்கக் கூடாது. அனுப்புநர் முகவரியாகக் கப்பலின் பெயரும் லண்டன் தலைமைத் தபாலகமும் இருக்கும். முன்பக்கத்தில் தணிக்கைச் சீல் இருக்கும். இங்கிலாந்தில் பழைய வீடுகளைக் காலிசெய்து பொருட்களை விற்பவர் அதை "பழைய பிரித்தானியக் கடிதம்" என்று ஒரு கட்டாகப் போட்டுவிடுகிறார். உள்ளே கடிதமும் இருந்தால் விடாதீர்கள். வெப்பம், துறைமுகம், சைனா பே (சீனக்குடா), கரையில் கழித்த ஒரு மாலை என்று ஏதாவது ஒரு வரி அது எங்கிருந்து எழுதப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். 1957இல் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. அதுவரையான இந்த ஊரின் எழுத்துச் சாட்சியம் வெளிநாட்டுப் பெட்டிகளில்தான் கிடக்கிறது. அதை மீட்டெடுப்பது வியாபாரத்துக்கும் மேலான வேலை என்று நான் நினைக்கிறேன்.

உறையிலிருந்து முத்திரையை வெட்டியெடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். சிறிய உப தபாலகம் ஒன்றின் சீல் தெளிவாக விழுந்த உறையில், 5 சத முத்திரை வெறும் துணைப் பொருள். மதிப்பு முழுவதும் அந்தச் சீலில்தான். இதைத் தெரியாமல் கத்தரிக்கோல் வைத்தவர்களின் பெட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை.

தேடும்போது ஒரே சொல்லோடு நிற்காதீர்கள். "முத்திரை", "தபால்தலை", சிங்களத்தில் "முத்தர", ஆங்கிலத்தில் "சிலோன்", அதன் பிழையான எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிழையாக எழுதப்பட்ட விளம்பரத்துக்குப் போட்டி குறைவு. பழைய பொருட்கள், புத்தகங்கள், வீட்டுப் பாவனைப் பொருட்கள் என்ற பிரிவுகளிலும் முத்திரை ஒளிந்திருக்கும். பிரித்தானியாவில் நள்ளிரவில் முடியும் ஏலம் நமக்குக் குளிர்காலத்தில் அதிகாலை 5.30, கோடையில் 4.30. அங்கே போட்டியாளர்கள் உறங்கும் நேரம். இங்கே கரைவலைக்காரர் கடலுக்குப் போகும் நேரம். எழுந்திருக்க மனமுள்ளவருக்கு அது ஒரு வாய்ப்பு. ஏலத்துக்கு முன்பே உச்சத் தொகையை எழுதி வையுங்கள், தபால் செலவையும் சேர்த்து. அதற்கு மேல் ஒரு ரூபாயும் போகக் கூடாது.

உள்ளூரில் முற்பணம் கேட்பவர்களிடம் கவனம். பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறை, அல்லது நேரில் போய்ப் பார்ப்பது. மூன்றாவது வழி இல்லை.

நம் கரையோரத்து ஈரத்தை மறந்துவிட முடியாது. படத்தில் பற்களின் நுனி மட்டும் பழுப்பேறியிருந்தால் அது பூஞ்சணப் புள்ளி. பக்கத்து முத்திரைக்கும் பரவும். ஒட்டும் தாள் கொண்ட புகைப்பட அல்பத்தில் வைத்த முத்திரைகளைப் பிரிக்கும்போது பாதி கிழிந்துவிடும்; விலை பேசும்போது அந்தச் சேதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று மழைக்காலத்தில் பொதி வந்தால், பசை உள்ள முத்திரைகளை உடனே கையால் தொடாமல், சாமணத்தால் எடுத்து, முத்திரைகளுக்கென விற்கும் கிளாசின் என்ற வழவழப்பான தாள் உறைக்குள் வையுங்கள்.

விற்பவர் நம் ஊர்க்காரராக, முத்திரை பற்றி ஒன்றும் அறியாதவராக இருந்தால் என்ன செய்வது? இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உவர்மலையிலிருந்து ஒரு தங்கை தகப்பனாரின் பெட்டியை 3,000 ரூபாய் என்று பேஸ்புக்கில் போட்டிருந்தார். பேசப் போனபோது, "அண்ணா, இந்த விலை சரியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்த கணத்தில் நான் வாங்குபவன் என்பதைவிட மதிப்பீட்டாளன் ஆகிவிடுகிறேன். பெட்டிக்குள் இருந்த தணிக்கை உறைகளைத் தனியாக எடுத்துவைத்து, இவை இவ்வளவு பெறும், மற்றவை இவ்வளவுதான் என்று சொன்னேன். உறைகளை அவர் விற்கவில்லை. மீதியை நான் வாங்கினேன். முகம் தெரியாத வியாபாரி தானே விலை குறித்து ஏலத்தில் விட்ட பொருளை என் அறிவைக் கொண்டு குறைவாக வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. நம்பிக் கேட்கும் ஒருவரிடம் பொய் சொல்லி வாங்குவது களவு. சட்டம் அதைப் பிடிக்காமல் போகலாம், நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வீட்டில் தாத்தாவின் பெட்டி இருந்து அதை விற்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். பெட்டியைப் பிரித்துப் பிரித்து விற்காதீர்கள். அல்பத்தின் எல்லாப் பக்கங்களையும், உறைகளின் இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அவர் எங்கே வேலை செய்தார், துறைமுகத்திலா, தபால் திணைக்களத்திலா, தோட்டத்திலா, யாரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்று தெரிந்ததை எழுதி வையுங்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். இரண்டு விலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், கூடுதலாகச் சொன்னவரிடம் எந்த முத்திரைக்காக அந்த விலை என்று கேளுங்கள்.