நோசோகோமியல்: மருத்துவமனைவழித் தொற்று

வேறு எதற்கோ மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு, அங்கே இருக்கும்போது புதிதாக ஒரு நோய் தொற்றினால் அதை 'நோசோகோமியல்' தொற்று என்பார்கள். சேரும்போது அந்த நோய் இருந்திருக்கக் கூடாது, உடம்புக்குள் ஊறிக்கொண்டும் இருந்திருக்கக் கூடாது. சேர்ந்து 48 மணி நேரம் கழித்துத் தலைகாட்டினால் இந்தக் கணக்கில் வரும் என்பது வழக்கமான அளவுகோல்.

வேர் கிரேக்கம். நோசோஸ் என்றால் நோய். கோமெயின் என்றால் பேணுதல். நோயாளியைப் பேணுகிறவர் நோசோகோமோஸ். இன்றைக்கும் ஏதென்ஸில் மருத்துவமனைக்குப் பெயர் நோசோகோமியோ, நர்ஸுக்கு நோசோகோமா. (நோசோஸ், நோய் இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுகின்றன. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடிவிட வேண்டாம்.)

ஆக, சொல்லுக்குள்ளேயே செவிலியர் இருக்கிறார். அளவுகோலில்தான் அவருக்கு இடமில்லை. 48 மணி நேரத்தை அட்மிஷனிலிருந்து எண்ணுகிறோம். வார்டில் வேலை பார்ப்பவருக்கு அட்மிஷன் தேதி ஏது?

2003 மார்ச் 4. ஹாங்காங் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையின் 8ஏ வார்டில் 26 வயது இளைஞர் ஒருவர் நிமோனியாவோடு சேர்ந்தார். அது சார்ஸ் என்ற கொடிய நுரையீரல் தொற்று; அந்தப் பெயரே அப்போது பிறக்கவில்லை. மூச்சு இலகுவாகட்டும் என்று நாளுக்கு நான்கு தடவை, ஏழு நாள் நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்தும் கருவி) வைத்தார்கள். மார்ச் 25க்குள் அந்தப் பரவலில் 138 பேர் படுத்துவிட்டார்கள். அவர்களில் 20 டாக்டர்கள், 34 செவிலியர்கள், மற்ற ஊழியர்கள் 15 பேர். மருத்துவ மாணவர்கள் மட்டும் 16 பேர்.

எப்படிப் பரவியது? மாணவர்கள் யார் யார் எந்தப் படுக்கைக்குப் போனார்கள் என்று கேட்டு ஒப்பிட்டார்கள். வார்டில் அந்த இளைஞரின் படுக்கை இருந்த தடுப்பறைக்குள் போனவர்களிடம்தான் நோய் மிக அதிகம். நெபுலைசர் கிளப்பிய நுண்துளிகளோடு கிருமியும் பரவியிருக்க வேண்டும் என்ற சந்தேகம் வலுத்தது. நோயாளிக்கு இதமாக இருக்கட்டும் என்று செய்த காரியம் அது. நினைக்கவே மனசு கனக்கிறது. உலகம் முழுக்க 2002-03இல் சார்ஸ் கண்ட 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள்.

ஊழியர் விஷயத்தில் டூட்டி பட்டியல்தான் கைவிளக்கு. காய்ச்சல் கண்ட நாளிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். கிருமி நுழைந்து நோய் தலைகாட்ட ஆகும் நாள்தான் கணக்கு; சார்ஸுக்கு 2 முதல் 10 நாள் வரை. எந்த ஷிஃப்ட், யாருக்கு மூச்சுக்குக் குழாய் போட்டார், முகக்கவசத்தை எங்கே கழற்றினார், யாரோடு சாப்பிட்டார்? கோவிட் காலத்தில் ஊருக்குள்ளும் நோய் இருந்ததால் வார்டா, வீடா, சாப்பாட்டு அறையா என்று பிரிப்பது கடினமானது. சில இடங்களில் கிருமியின் மரபணு வரிசையையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தொற்று' நல்ல சொல். கொடி பந்தலைத் தொற்றி ஏறுகிற அதே தொற்றுதல். தொட்டவரை ஒட்டும் நோய்க்கு 'ஒட்டுவாரொட்டி' என்ற பழைய சொல்லும் நம்மிடம் உண்டு. 'மருத்துவமனைசார் தொற்று' என்று எழுதுவோர் இருக்கிறார்கள்; தவறில்லை. ஆனால் 'சார்' தொடர்பு இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. 'மருத்துவமனைவழித் தொற்று' என்றால் எந்த வழியாக என்ற கேள்வி உடனே எழும். அதே அச்சில், ஊழியருக்கு வேலையில் வந்ததைப் 'பணிவழித் தொற்று' எனலாம். ஒரு நர்ஸின் விடுப்புப் படிவத்தில் வெறுமனே 'காய்ச்சல்' என்று எழுதிவிட்டால், அது எந்தப் படுக்கையோரம் ஒட்டியது என்று யாரும் கேட்கப்போவதில்லை.