பழைய கார் வாங்கினாலும் நீங்கள் நுகர்வோர்தான்

"செகண்ட்ஸ் வண்டி சார், கேஸ் நிக்காதுன்னு சொல்லிட்டாங்க." நுகர்வோர் வழக்குகள் நடத்தும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக வந்தவர் நான்கரை லட்சம் கொடுத்த காரில் மீட்டர் 40 ஆயிரம் கிலோமீட்டர் காட்டியது. சர்வீஸ் பதிவிலோ ஒரு லட்சத்துக்கும் மேல். "பழைய வண்டிக்குச் சட்டம் கிடையாது" என்று அவரைத் திருப்பி அனுப்பியது, வண்டியை விற்ற கடைக்காரரேதான்!

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதுப் பொருளுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வியாபாரியிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கினால் நீங்கள் நுகர்வோர். பிழைப்புக்காக வாங்கித் தானே டாக்ஸி ஓட்டுபவரும் நுகர்வோர்தான். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்கிறார்கள். முடியவில்லை. தேய்ந்த டயரை நீங்கள் பார்த்துத்தான் வாங்கினீர்கள், சரி. மீட்டரைக் குறைத்ததும், வெள்ளத்தில் மூழ்கியதை மறைத்ததும் பொய் சொல்லி விற்பது. சட்டத்தில் அதற்குப் பெயர் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதில்தான் வருகிறது. கேட்டு வாங்குங்கள்.

தனிநபரிடம் நேராக வாங்கினால் பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்கு வர முடியாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அப்படி வாங்கும்போது இன்னும் கவனம் தேவை.

கிலோமீட்டர், விபத்து பற்றிச் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் சலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கியைப் பாருங்கள். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், கடன் பதிவாகி இருந்தால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். தயவுசெய்து!

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்ததோடு பொறுப்பு தீராது. ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாறுவதற்குள் விபத்து நடந்தால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழலாம். வாங்கியவரும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸை மாற்றக் கேட்டு எழுத வேண்டும்.

ஏமாந்துவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. உதவிக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கு முன்பே கோபத்தில் மெக்கானிக்கிடம் இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் படம் எடுங்கள், கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிரித்து மாட்டிய இன்ஜினை வைத்துக்கொண்டு முன்பிருந்த குறையை நிரூபிப்பது எந்த வக்கீலுக்கும் கஷ்டம்.