காரீயம் படிந்த மண்: 2025 விதிகளும் பாஸ்பேட் சிகிச்சையின் எல்லைகளும்

ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கெனத் தனி விதிகளை அறிவிக்கை செய்தது. அதற்கு முன்பே மத்திய மாசு கட்டுப்பாடு வாரியம் நாடு முழுவதும் 103 இடங்களை மாசடைந்தவை என்று கண்டறிந்திருந்தது. ஆனால் அவற்றில் ஏழே இடங்களில்தான் சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தது. ஓர் இடம் கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு யார், எந்த வரிசையில், யாருடைய செலவில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சட்ட வழி இல்லாமல் இருந்த குறையைத்தான் இந்த விதிகள் நிரப்ப முயல்கின்றன.

காரீயத்தைப் பொறுத்தவரை இதன் தேவை பெரிது. பழைய வாகன பேட்டரிகளை உடைக்கும் பட்டறையில் அமிலத்தைத் தரையிலேயே கொட்டுவார்கள். தகடுகளிலிருந்து உதிரும் தூளும் உலையிலிருந்து அள்ளிப் போட்ட கசடும் சுற்றுப்புற மண்ணில் கலக்கும். பட்டறையை மூடினாலும் காரீயம் மக்குவதில்லை, ஆவியாவதில்லை. பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்குகிறது. அந்த மேல்மண்ணில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கலாம் என்று யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இது முழுவதும் மண்ணிலிருந்து வந்ததல்ல. பெயிண்ட், மசாலாக் கலப்படம், பாத்திரங்கள் என்று வேறு வழிகளும் உண்டு.

விதிகளின்படி முதல் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உரியது. தாமாகவோ பொதுமக்களின் புகாரின் பேரிலோ சந்தேகத்துக்குரிய இடங்களைக் கண்டறிந்து, அரையாண்டுக்கு ஒரு முறை இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். ஆகவே ஊராட்சிக்கும், திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கும் கொடுக்கும் மனுவுக்கு இங்கே சட்டப்படியான எடை உண்டு. மனுவில் சர்வே எண், அங்கே என்ன தொழில் நடந்தது, எந்த ஆண்டுவரை நடந்தது, கசடு எங்கே கொட்டப்பட்டது, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, அருகில் கிணறு, பள்ளி, அங்கன்வாடி உண்டா என்பவற்றை எழுதினால், மாதிரி எடுக்க வருபவர்கள் தவறான இடத்தில் தோண்டிவிட்டுப் போவதைத் தவிர்க்கலாம்.

தகவல் கிடைத்த 90 நாட்களுக்குள் மாநில மாசு கட்டுப்பாடு வாரியம் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மேலும் மூன்று மாதங்களில் விரிவான ஆய்வு நடத்தி, அந்த இடம் மாசடைந்ததுதானா என்று உறுதிசெய்ய வேண்டும். மாசடைந்தது என்று முடிவானால் அந்த விவரம் பொதுவில் வெளியிடப்பட்டு, அங்கே நுழையவும் அதைப் பயன்படுத்தவும் கட்டுப்பாடு விதிக்கப்படும். நிபுணர் நிறுவனம் ஒன்று சீரமைப்புத் திட்டம் வகுக்கும். மாசுபடுத்தியவரை அடையாளம் காண வாரியத்துக்கு 90 நாள் அவகாசம் உண்டு. செலவு அவருடையது, அவரிடமிருந்து பெற வழியில்லாதபோது ஒன்றிய, மாநில அரசுகள் அதை ஏற்பாடு செய்ய வேண்டும். கதிரியக்கக் கழிவு, சுரங்கப் பணி, கடலில் எண்ணெய்க் கசிவு, குப்பைக் கிடங்கின் திடக்கழிவு ஆகியவற்றால் வரும் மாசுக்கு வேறு சட்டங்கள் இருப்பதால் அவை இந்த விதிகளுக்குள் வரவில்லை.

இவ்வளவு காலக்கெடு வைத்த விதிகள், சீரமைப்பை எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. என் பார்வையில் இது இந்த விதிகளின் மிகப் பெரிய ஓட்டை.

சீரமைப்புத் திட்டம் என்று வரும்போது, மண்ணைத் தோண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோவது உறுதியான வழி, செலவும் அதிகம். அதனால்தான் மண்ணை அங்கேயே வைத்து வேதிப்பொருள் சேர்க்கும் முறை பல நாடுகளில் பரிசீலிக்கப்படுகிறது. உரங்களிலும் எலும்பிலும் இருக்கும் பாஸ்பரஸ் சேர்மமான பாஸ்பேட்டை மண்ணில் கலந்தால், கரையக்கூடிய நிலையில் உள்ள காரீயம் அதனுடனும் குளோரைடுடனும் சேர்ந்து, பைரோமார்பைட் என்ற, நீரில் மிக அரிதாகவே கரையும் கனிமமாக மாறுகிறது. அந்த மண் வயிற்றுக்குள் போனாலும் ரத்தத்தில் ஏறும் காரீயம் குறையும் என்பதே இதன் அடிப்படை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜாப்ளின் நகரில் பாஸ்பாரிக் அமிலத்தைக் கொண்டு கள ஆய்வு நடந்தது. கலிபோர்னியாவின் மேற்கு ஓக்லாந்தில், சவுத் பிரெஸ்காட் குடியிருப்பின் வீட்டு முற்றங்களில், 2011இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மீன் எலும்புத் தூளை மண்ணோடு கலந்து, மேலே சுத்தமான மண் பரப்பிப் புல்லும் செடியும் வைத்தது. எலும்பில் இருப்பதும் பாஸ்பேட்தான்.

இந்த முறை காரீயத்தை அகற்றுவதில்லை, பூட்டிவைக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு மொத்தக் காரீயத்தை அளந்தால் எண் ஏறக்குறைய முன்பு இருந்ததாகவே வரும். ஆகவே உடலில் உறிஞ்சப்படக்கூடிய பங்கை அளக்கும் தனிப் பரிசோதனை தேவைப்படுகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரைப்பை அமிலத்தைப் போல 1.5 பிஎச் அளவுள்ள, அதாவது மிகுந்த புளிப்புள்ள, கரைசலில் மண்ணைக் கலக்கிப் பார்க்கும் வழக்கமான ஆய்வக முறை, பாஸ்பேட் இட்ட மண்ணுக்கு நம்பகமானது என்று நிறுவப்படவில்லை. எனவே எந்த முறையில் அளந்தார்கள் என்பது தெரியாமல், “காரீயம் கட்டுக்குள் வந்துவிட்டது” என்ற ஒற்றை வரியை ஏற்கக் கூடாது.

பேட்டரிப் பட்டறை மண்ணில் கூடுதல் கவனமும் வேண்டும். பேட்டரித் தகட்டு உலோகக் கலவையில் ஆன்டிமனி என்ற தனிமமும் சிறிதளவு ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமமும் சேர்ப்பதுண்டு. பாஸ்பேட்டும் ஆர்சனிக்கும் மண்துகளில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. நிறைய பாஸ்பேட் இட்டால் ஆர்சனிக் இடம் பெயர்ந்து நிலத்தடி நீருக்குள் போகக்கூடும். பாஸ்பாரிக் அமிலம் விரைவாக வேலை செய்யும், ஆனால் மண்ணின் புளிப்பை ஏற்றுவதால் பிறகு சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்ய வேண்டும். பாறை பாஸ்பேட்டும் எலும்புத் தூளும் மெதுவாகக் கரைபவை. காரத்தன்மையுள்ள மண்ணில் இன்னும் மெதுவாக. பாஸ்பேட் அளவு மிஞ்சினால் மழைநீரோடு ஏரிக்குப் போய்ப் பாசியைப் பெருக்கும். இவற்றையெல்லாம் அந்தந்த இடத்து மண்ணில் சிறு அளவில் சோதித்துப் பார்த்த பிறகே முழு இடத்துக்கும் போக வேண்டும். சூப்பர் பாஸ்பேட் மூட்டை உரக்கடையில் கிடைக்கிறது என்பதற்காக வீட்டுக்காரர்கள் தாங்களே வாங்கித் தூவுவது ஆபத்தானது.

சிகிச்சை அளித்த மண்ணிலும் கீரை பயிரிடாமல் இருப்பது நல்லது, ஏனெனில் தூசியாக இலையில் ஒட்டும் காரீயம் அப்படியே தட்டுக்கு வரும். பணி தொடங்கும்வரை வெற்று மண்ணை மூடிவைப்பதும், பிள்ளைகளைச் சாப்பிடும் முன் கை கழுவ வைப்பதும், சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்வதும் விதிகளுக்காகக் காத்திருக்க வேண்டிய வேலைகள் அல்ல.

உங்கள் ஊரின் இடம் பட்டியலில் ஏறிவிட்டால், சீரமைப்புத் திட்டத்தின் நகலையும், ஆர்சனிக்கும் கிணற்று நீரும் சோதிக்கப்பட்டனவா என்பதையும், எந்த முறையில் எத்தனை ஆண்டுகள் கண்காணிக்கப் போகிறார்கள் என்பதையும், பணி முடிக்கும் நாளையும் எழுத்தில் கேளுங்கள். வாரியம் தானாகத் தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.