எல்லாப் பிள்ளைகளும் இறங்கும் களப்பயணம்

கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும் நாளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "இவன் வேண்டாம் டீச்சர், பாவம், சிரமப்படுவான்." சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சில நேரம் வகுப்பாசிரியர் சொல்வார், சில நேரம் தலைமையாசிரியர். பல நேரம் பெற்ற தாயே சொல்வார். காவிரி டெல்டாவில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராகப் பள்ளி பள்ளியாகப் போய்வருகிறவள் நான். படிக்கட்டையும் மேடுபள்ளத்தையும்விட இந்தப் 'பாவம்' தான் பிள்ளைகளை அதிகம் தடுத்து நிறுத்துகிறது என்பது என் அனுபவம்.

பணியில் சேர்ந்த புதிதில் நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். கல்லணைக்கு ஒரு பயணம். மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அழைத்துச் சென்றோம். அவனைப் பஸ்ஸில் ஏற்றியதையே பெரிய காரியமாக நினைத்திருந்தேன். அங்கே போய் இறங்கியபோது வெயில், கூட்டம், படிகள். "நீ பைகளைப் பார்த்துக்கொள்" என்று உடன் வந்த ஆசிரியர் ஒருவர் அவனிடம் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தோம். "நாற்பத்திரண்டு பை டீச்சர். எண்ணிவிட்டேன், எதுவும் குறையவில்லை" என்றான். மறுவாரம் எல்லோரும் பயண அறிக்கை எழுதினார்கள். அவன் நோட்டில் பஸ்ஸின் உட்புறம் மட்டும் வரைந்திருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: அங்கே போனதும் இந்தப் பிள்ளையின் கையில் என்ன வேலை இருக்கும்? பதில் கிடைக்காவிட்டால் இடத்தை மாற்றுவேன், அல்லது செய்யப்போகும் சோதனையை மாற்றுவேன். பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன்.

இது தயவு தாட்சண்யம் சார்ந்த விஷயமும் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடுகளின் பட்டியலை 7லிருந்து 21ஆக விரிவாக்கியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இருக்கின்றன. கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்கை தர வேண்டும், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. தயங்கும் தலைமையாசிரியர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்தப் பிரிவைத்தான்.

இனி வேலைக்கு வருகிறேன். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. வழக்கமாக எல்லாப் பள்ளிகளும் அங்கே செய்வது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தண்ணீரைக் காட்டுவது. பார்வையில்லாத பிள்ளைக்கு அதில் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். உண்மையைச் சொன்னால், பார்வையுள்ள பிள்ளைக்கும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

நாங்கள் செய்வது இது. தலைப்பில் நீரின் இழுப்பு அதிகம். அங்கே சோதனை எதுவும் கிடையாது. பிரிவதை மட்டும் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவர் உள்ள சின்ன வாய்க்கால் பாலம் ஒன்றுக்கு வந்துவிடுவோம். சக்கர நாற்காலி ஏறுமா என்று முன்பே போய்ப் பார்த்து வைத்த பாலம் அது. கட்டையில் சுற்றிய இருபது மீட்டர் நைலான் கயிறு, அதில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. நுனியில் பாதி தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில். பாதி நிரப்புவது ஏனென்றால், காலி பாட்டிலைத் தண்ணீரைவிடக் காற்றுதான் அதிகம் தள்ளும். பாட்டிலை நீரோட்டம் போகும் பக்கம் விடுகிறோம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் மடியில் கட்டை சுழல்கிறது. கயிறு பார்வையில்லாத பிள்ளையின் விரல்களுக்கிடையே ஓடுகிறது. காது கேளாத பிள்ளை கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கிறது. பத்து விநாடி ஆனதும் தோளில் ஒரு தட்டு. அதுவரை எத்தனை முடிச்சு நழுவியது என்பதுதான் கணக்கு. 12 முடிச்சு என்றால் 6 மீட்டர்; விநாடிக்கு 0.6 மீட்டர்.

பழைய காலத்தில் கப்பலின் வேகத்தையும் இப்படித்தான் முடிச்சுக் கயிறு வீசி அளந்தார்கள். அதனால்தான் கப்பல் வேகத்தின் அலகுக்கு இன்றும் முடிச்சு என்று பொருள்படும் 'நாட்' என்ற பெயர். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கடலோரத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அன்று வீட்டில் அப்பாவிடம் பேச அவர்களுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிடும்.

ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கயிற்றைப் பிடித்திருந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. நடு வாய்க்காலில் மூன்று முறை பார்த்ததில் 11, 12, 12. பிறகு கரையோரமாக விட்டுப் பார்த்தோம். "ஓரத்தில் முடிச்சு சோம்பேறித்தனமாக வருகிறது டீச்சர்" என்றாள். எண்ணிக்கை 8. சற்று முன்புதான், தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போகிறதா என்று கேட்டதற்கு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆமாம் என்று கோரஸாகச் சொல்லியிருந்தார்கள். கரையும் அடித்தரையும் உரசுவதால் அங்கே நீர் மெதுவாகப் போகிறது என்ற பாடத்தை அன்று தொடங்கி வைத்தது அவள் விரல்கள். அதன் பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். ஒரு பிள்ளைக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு வகுப்புக்கே நல்ல பாடமாவதை இப்படிப் பலமுறை பார்த்துவிட்டேன்.

கல்லணைக்கும் இப்போது ஒரு தட்டு எடுத்துப் போகிறோம். ஆற்று மணலில்தான் அந்த அணை நிற்கிறது. பெரிய கல்லை ஓடும் நீரில் மணல்மேல் போட்டால், அடியில் மணல் அரித்துக் கல் கீழே இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். இப்படி இறங்கி இறங்கி ஊன்றிக்கொண்ட கற்களே அடித்தளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வியந்து கற்றுக்கொண்டது இந்த உத்தியைத்தான். அகலமான தட்டில் ஈர மணல், ஒரு சொம்பில் தண்ணீர், உள்ளங்கை அளவு கருங்கல். பிள்ளை கல்லின்மேல் விரல் வைத்திருக்க, பக்கவாட்டில் தண்ணீரைச் சன்னமாக ஊற்ற வேண்டும். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமிழ்வது விரலுக்குத் தெரியும். இதற்குப் படி ஏற வேண்டியதே இல்லை, மர நிழலில் உட்கார்ந்து செய்யலாம். அன்று அந்த மாணவனுக்கு இதைச் செய்து காட்ட எனக்கு ஒரு தட்டும் ஒரு கல்லும்தான் தேவைப்பட்டிருக்கும்.

மண் பாடம் இன்னும் எளிது. ஈர மண்ணைப் பிசைந்து கட்டைவிரலால் பட்டையாகத் தள்ளினால், 5 சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நீண்டால் களிமண். பட்டையே வராமல் உதிர்ந்தால் மணல். வயல் மண், கொள்ளிடத்து மணல், இரண்டும் இருந்தால் போதும். சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலமான பாதை வேண்டும், வரப்போ ஓர் அடிதான் இருக்கும். ஆகவே சாலையோர வயலாகப் பார்த்து, அந்த விவசாயியிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இதுவரை யாரும் எங்களை மறுத்ததில்லை. பிள்ளையைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தூக்கலாமா, யார் தூக்கினால் சரி என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். மூட்டையைப் போல அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

காது கேளாத பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறு கண்ணுக்கே தெரியாது. "அதோ பாருங்கள், அந்த நாரையின் அலகு எப்படி வளைந்திருக்கிறது" என்று பேசிக்கொண்டே கையை நீட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண். உதட்டையும் சைகையையும் பார்த்தால் நாரை போய்விடும். நாரையைப் பார்த்தால் பேச்சு போய்விடும். முதலில் காட்டுங்கள், வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், பிள்ளை உங்கள் பக்கம் திரும்பிய பிறகு விளக்குங்கள். வழிகாட்டி வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் அவர் முகம் கருநிழலாகிவிடும், உதடு தெரியாது. அவரைத் திருப்பி நிறுத்துவது நம் வேலை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, போகப்போகும் இடங்களின் படங்களை வரிசையாக ஒட்டிய சின்னப் புத்தகம் ஒன்றை ஒரு வாரம் முன்பே தந்துவிடுகிறோம். பஸ், இருக்கை, பாலம், சாப்பிடும் இடம், கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்து சேரும் பள்ளி வாசல். அந்தக் கடைசிப் படத்தை மறந்துவிடாதீர்கள். எப்போது வீடு திரும்புவோம் என்ற கேள்விதான் பாதிப் பதற்றத்துக்குக் காரணம். ஒருமுறை புத்தகத்தில் இல்லாத ஓரிடத்தில் தேநீருக்காகப் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்தச் சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு நாற்பது நிமிடம் அழுதான். தவறு முழுக்க என்னுடையது. இப்போது 'திடீர் நிறுத்தம்' என்று எழுதிய வெற்றுப் பக்கம் ஒன்றையும் புத்தகத்தில் வைத்து, அதை முன்பே பழக்கிவிடுகிறோம். சேற்றைத் தொட மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. பிளாஸ்டிக் உறைக்குள் சேற்றைப் போட்டுக் கொடுத்தால் பல பிள்ளைகள் உறைக்கு மேலேயே பிசைவார்கள்.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பயணம் முழுவதும் மகிழ்ச்சிதான், மறுநாள் நோட்டைத் திறக்கும் வரை. இரண்டு பக்கம் எழுது என்றால் தெரிந்ததெல்லாம் அங்கேயே நின்றுவிடும். வரையட்டும், சொல்லட்டும், செல்போனில் பதிவு செய்யட்டும். அளந்த எண்களைச் சரியாகச் சொல்கிறதா என்பதுதான் அறிவியல் ஆசிரியருக்கு முக்கியம், கையெழுத்து அல்ல.

யாரும் பேசாத ஒன்றைப் பேசியாக வேண்டும். கழிப்பறை. நடக்க இயலாத மாணவிகள் பலர் பயண நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. காரணத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கேட்டால் "தாகம் இல்லை டீச்சர்" என்பார்கள். டெல்டா வெயிலில் ஒரு பெண் குழந்தை ஏழெட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். நாங்கள் முன்பார்வைக்குப் போகும்போது முதலில் பார்ப்பது அணையும் அல்ல, பறவையும் அல்ல. சக்கர நாற்காலி உள்ளே நுழையும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைத்தான். பொது இடத்தில் இல்லாவிட்டால் வழியில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் சாய்தளக் கழிப்பறை இருக்கிறதா என்று விசாரித்து, அந்தத் தலைமையாசிரியரிடம் பேசி, நேரத்தையும் குறித்துக்கொள்வோம். உதவிக்கு ஒரு பெண் வருவதை உறுதி செய்த பிறகு, அந்த மாணவியைத் தனியாக அழைத்து இதைச் சொல்லிவிடுவேன். வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுக்கும் பிள்ளை இருந்தால் மாத்திரை நேரமும் முதலுதவி தெரிந்தவர் யார் என்பதும் அதே தாளில் இருக்கும்.

மூணாறு தலைப்பில் பிரிந்த கோரையாறு முத்துப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அலையாத்திக் காடு அங்கே. படகில் ஏற முடியாத பிள்ளை குழுவில் இருந்தால், படகுப் பயணத்தையே திட்டத்திலிருந்து எடுத்துவிடுவேன். இதில் எனக்கும் சில ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கரையோரமாகவே அலையாத்தி கைக்கெட்டும் இடங்கள் இருக்கின்றன. சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப் போல மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களைத் தொடலாம். இலையைப் பறிக்காமல் அதன்மேல் விரலைத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் எடுத்துக்கொண்ட உப்பை இலையின் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று எந்த ஆய்வகத்திலும் கிடையாது. அறிவுசார் குறைபாடு உள்ள மாணவன் ஒருவன் மூன்று இலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுவும் உப்பு, இதுவும் உப்பு" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். ஒரு மாதம் கழித்து நான் அந்தப் பள்ளிக்குப் போனபோது, பள்ளி வாசலில் நின்ற வேப்பமரத்தின் இலையைத் தடவி நாக்கில் வைத்துவிட்டு, "இது உப்பு இல்லை" என்றான்.

மேட்டூரில் இருப்பு போதுமானதாக இருந்தால் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். முடிச்சுக் கயிற்றுக்கு அதற்குள் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வற்றிய பிறகு வேதாரண்யம் உப்பளம் இருக்கிறது: நல்ல தண்ணீர், கடல்நீர், பாத்தியில் காய்ந்து அடர்ந்த நீர் என்று மூன்று வாளி, ஒரு முட்டை. முட்டை எதில் மூழ்குகிறது, எதில் மிதக்கிறது என்று கையை விட்டே கண்டுபிடிக்கலாம். போகும் நாளை முடிவு செய்வதற்கு முன்பே உங்கள் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைக் கூப்பிட்டுவிடுங்கள். இரண்டு வாரம் இருந்தால் போதும், முன்பார்வைக்கு நாங்களே உடன் வருவோம்.